பை பார்த்துக்கொண்டிருந்த சம்மந்திக்கு

என் அன்புக்குரிய சம்மந்தி எஸ்தர் அம்மாவுக்கு,

முதலில் பிள்ளைகளின் செய்தி. அதைச் சொல்லாமல் வேறு எதைத் தொடங்கினாலும் நீங்கள் காதில் போடமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் மகள் கிரேஸுக்கும் என் மகன் அருளுக்கும் பிறந்த மூத்தவள், நம் இருவருக்கும் பேத்தியான மெர்சி, இங்கே பலெர்மோவில் லிச்சேயோ பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புக்கு வந்துவிட்டாள். லத்தீனில் அவள்தான் முதல். இத்தாலியப் பிள்ளைகள் அவளுடைய கொப்பியைப் பார்த்து எழுதுகிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு லத்தீன் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் பொலிதேயாமா பக்கம் நான் துணி மினுக்கப் போகிற வீட்டு சிஞ்ஞோராவிடம் அதைச் சொல்லாமல் விடவில்லை. இரண்டு தரம் சொன்னேன்.

சின்னவன் யோசுவா கோவிலில் கீபோட் வாசிக்கிறான். எட்டு வயது. கதிரையில் இருந்தால் கால் நிலத்தில் முட்டாது, ஆனால் ஒரு கீர்த்தனைக்கும் தாளம் தப்பாது. சிகாகோவில் உங்கள் மகன் சாமுவேலுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நீங்கள் போன பிறகு பிறந்தவள். உங்கள் பெயரைத்தான் வைத்திருக்கிறான். போன மாதம் நடக்கத் தொடங்கினாளாம். தொலைபேசியை அவள் வாயடியில் பிடித்தான், மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அதையும் ஒரு வெற்றியாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

இனிப் பெரிய செய்தி. வென்றுவிட்டார்கள் சம்மந்தி.

அமெரிக்காவில் உங்கள் லுத்தரன் சபையார் மறுபடியும் கூடி, எங்கள் ஆங்கிலிக்கன் சபையோடு முழு ஐக்கியம் வைத்துக்கொள்ளலாம் என்று வாக்குப் போட்டுத் தீர்மானித்துவிட்டார்கள். எங்கள் சபைக்கு அங்கே எப்பிஸ்கோப்பல் என்று பெயராம். சாமுவேல்தான் ஓகஸ்டில் போன் எடுத்துச் சொன்னான். அடுத்த வருடம் எங்கள் ஆட்களும் அங்கே கூடிச் சம்மதிக்க வேண்டும், அதன் பிறகுதான் நடைமுறைக்கு வரும். ஆனால் கடினமான பாதி முடிந்துவிட்டது என்கிறான். உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். சொல்ல ஏன் நவம்பர் ஆனது என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன்.

மெர்சி இதைக் கம்ப்யூட்டரில் அடித்து எங்கள் கோவில் கிறிஸ்மசுக்குப் போடுகிற நத்தார் மலரில் சேர்க்கப்போகிறாள். ஆகவே மற்றவர்களும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். மறைத்தது போதும்.

பின்னேரம் மூன்று மணிக்கு பலெர்மோ முழுவதும் யன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே. தெருவில் நாய்கூட நடக்காது. அந்த நேரத்தில்தான் நான் சிஞ்ஞோரா வீட்டு மேல்மாடி அறையில் சட்டை மினுக்குகிறேன். சிரோக்கோ காற்று அடிக்கிற நாளில் ஆப்பிரிக்காவின் மண் யன்னல் இடுக்கால் வந்து வெள்ளைத் துணியில் மஞ்சளாகப் படியும். நான் தண்ணீர் தெளித்து மினுக்குவேன். ஆவி எழும்பும். அந்த ஆவிக்குள் நீங்கள் வந்து இருப்பீர்கள். வெள்ளைச் சேலை, மடியில் பைகள், கைகளில் பை வார்கள். ஒன்றும் கதைப்பதில்லை. நான் "சம்மந்தி" என்றவுடன் ஆவி கலைந்து, சுவரும் மாதா படமும் மட்டும் இருக்கும்.

எத்தனை பின்னேரம் இப்படி வந்தீர்கள்? நான் எண்ணவில்லை. நீங்கள் கோபமாக வந்ததாகவும் எனக்குத் தெரியவில்லை. கோபமாக வந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழக்கிழமை பின்னேரம் ஓய்வு. அதனால் இங்கிலாந்து ஆட்களின் ஆங்கிலிக்கன் கோவிலில் எங்களுக்கு வியாழன் பின்னேரம்தான் தமிழ் ஆராதனை. பாட்டும் வாசிப்பும் தமிழில். நற்கருணையை அந்த இங்கிலாந்துக் குருவானவர் இத்தாலியனில் நடத்துவார். யாழ்ப்பாணத்தில் பிறந்ததிலிருந்தே ஆங்கிலிக்கனாக இருந்தவள் என்பதால் பீடத்துத் துணி மினுக்குகிற பொறுப்பு என்னிடம். அதில் எனக்கு இருந்த பெருமை உங்களுக்குத் தெரியாததல்ல.

நீங்கள் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். உங்கள் தகப்பனார் வழியில் தரங்கம்பாடி மிஷன் காலத்திலிருந்தே லுத்தரன் குடும்பம். அருள் உங்களைப் பலெர்மோவுக்கு எடுப்பித்த வருடம், முதல் வியாழக்கிழமை, எங்களோடு கோவிலுக்கு வந்தீர்கள். நற்கருணைக்கு எல்லோரும் எழும்பியபோது நீங்களும் எழும்பினீர்கள். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டீர்கள். நான் உங்கள் முழங்கையைப் பிடித்தேன்.

"சம்மந்தி, உங்களுக்குத் திடப்படுத்தல் நடந்தது பேராயரின்ர கையாலயோ?"

"எங்க போதகர்தாங்க கை வச்சாரு. தோட்டத்துக் கோயில்ல."

"அப்ப நீங்கள் இதில இருந்துகொள்ளுங்கோ. பேராயர் கை வைக்காத ஆக்கள் எங்கட மேசைக்கு வாறேல்லை."

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு நாங்கள் இருந்த வாங்கில் கிடந்த பைகளைப் பார்த்தீர்கள். அதற்கு முந்திய கிழமைதான் வுச்சீரியாச் சந்தையில் எங்கள் ஆள் ஒருத்தியின் கைப்பை பறிபோயிருந்தது.

"சரிங்க. யாராச்சும் பையைப் பாத்துக்கணும்ல. நீங்க போயிட்டு வாங்க" என்றீர்கள்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிடம்கூட இல்லை. அதற்குப் பிறகு ஏழு வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் நீங்கள் எழும்பவில்லை. பெண்கள் பைகளை உங்கள் பக்கத்தில் வைத்துவிட்டு நடந்தார்கள். நீங்கள் வார்களை இரண்டு கைகளிலும் கோத்துக்கொண்டீர்கள். எந்தப் பை யாருடையது, எதற்குள் மருந்து இருக்கிறது, எதற்குள் கடிதம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. யோசுவா நடக்கப் பழகிய காலத்தில் அவன் சப்பாத்தும் உங்கள் மடியில் இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் உங்களை அப்படித்தான் காட்டிக்கொடுத்தோம்: "அவவிட்டைப் பையைக் குடுத்திட்டு வாங்கோ, பயமில்லை."

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? என் சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் அதுதான் சட்டம். வேறு சபையிலிருந்து கலியாணம் கட்டி வந்த பெண்கள், பேராயர் வந்து தலையில் கை வைக்கும்வரை, பின்வாங்கில்தான் இருப்பார்கள். நான் படித்த அளவில் அறிந்ததைச் சொன்னேன் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சம்மந்தி, என் நாக்கில் சட்டம் மட்டும் இருக்கவில்லை. தோட்டத்தில் பெண் எடுத்திருக்கிறார்கள் என்று எங்கள் ஆட்களில் சிலர் சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்திருந்தது. உங்களை இருத்தியதில் எனக்கு ஒரு படி உயரம் கிடைத்தது. அதையும் எழுதிவிட்டேன்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தனியே பஸ் ஏறிப் போவீர்கள். ஜெர்மன் ஆட்களின் லுத்தரன் போதகர் அன்று வேறு ஊரிலிருந்து வந்து, ஒரு வாடகை மண்டபத்தில் ஆராதனை நடத்துவார். ஜெர்மனில் ஒரு சொல் உங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, "இன்னைக்குச் சாப்பிட்டுட்டேன் சம்மந்தி" என்பீர்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒருநாளும் நானும் வாறன் என்று சொன்னதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், அமெரிக்காவில் முதல்முறை வாக்குப் போட்டார்களே, அது நினைவிருக்கிறதா? அது உங்கள் கடைசிக் கோடைகாலம். எப்பிஸ்கோப்பல் ஆட்கள் முதலே சம்மதித்துவிட்டார்கள், இனி லுத்தரன் ஆட்கள் ஓம் என்றால் சரி என்று சாமுவேல் சொல்லியிருந்தான். நீங்கள் மூன்று நாளாகத் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே கத்தரிக்காய் வெட்டினீர்கள். பிறகு அவன் எடுத்தான். நீங்கள் கேட்டுவிட்டு வைத்தீர்கள்.

"தோத்துப் போச்சாம் சம்மந்தி. ஆறு ஓட்டுதான் கொறவாம்."

"ஆறே? ஐயோ பாவம்" என்றேன் நான்.

"அந்த ஆறு பேரும் பையைப் பாத்துக்கிட்டு இருந்திருப்பாங்க."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். கண்ணீர் வரச் சிரித்தோம். அது ஒரு நல்ல பகிடி என்றுதான் நான் நினைத்தேன். வியாழக்கிழமை கோவிலிலும் சொன்னேன், அங்கேயும் சிரித்தார்கள். நீங்கள் சிரித்தபடி எங்கள் பைகளை வாங்கிக்கொண்டீர்கள்.

அடுத்த மாசியில் நீங்கள் ஆசுபத்திரியில் படுத்தீர்கள், பிறகு வீடு திரும்பவில்லை. அந்த ஜெர்மன் போதகர் அப்பமும் ரசமும் கொண்டு உங்களைப் பார்க்க வந்த அன்று நான்தான் துணைக்கு நின்றேன். அவர் என்னையும் உள்ளே வரச்சொல்லிக் கையால் காட்டினார். நான் தலையை ஆட்டிவிட்டு உங்கள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றேன். கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். நீங்கள் வாயைத் திறந்தீர்கள், சின்னப் பிள்ளை மாதிரி. என் கையில் உங்கள் பை. அதற்குள் ஒரு கைலேஞ்சியும், இந்த நாட்டில் இருக்க அனுமதி தருகிற பெர்மெஸ்ஸோ அட்டையும், நாலு இஞ்சி முட்டாசும் இருந்தன.

இவ்வளவு இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. இந்த ஓகஸ்டில் சாமுவேல் "வென்றாச்சு மாமி" என்றபோதுதான் நெஞ்சில் ஒரு முள் அசைந்தது. இனி லுத்தரன் ஆட்கள் எங்கள் மேசைக்கு வரலாம் என்றால், இங்கே பலெர்மோவிலும் அப்படியா? குருவானவரைக் கேட்போம் என்று நினைத்தேன். என்னுடைய இத்தாலியன் சந்தைக்கும் சிஞ்ஞோராவுக்கும்தான் போதும். ஆகவே மெர்சியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

குருவானவர் பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். மெர்சி என் கேள்வியைச் சொன்னாள். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னார்.

"என்னவாம் பிள்ளை?"

"எப்பவுமே வரலாமாம் அப்பம்மா. அவையின்ர சட்டம் மாறிக் கனகாலமாம். நான் பிறக்க முந்தியே மாறிட்டுதாம். ஞானஸ்நானம் எடுத்து, தங்கட சபையில நற்கருணை எடுக்கிற ஆர் வந்தாலும் குடுப்பினமாம்."

"அப்ப அமெரிக்காவில என்னத்துக்கு இவ்வளவு வருசமாக் கதைச்சு வாக்குப் போட்டவை?"

மெர்சி கேட்டாள். அவர் கையால் ஒரு கோடு கீறிக் காட்டினார், கோட்டின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று.

"அது மேசைக்கு அங்கால நிக்கிறவரைப் பற்றின கதையாம். ஒரு சபையின்ர குரு மற்றச் சபையில நிண்டு நடத்தலாமோ, அதுக்குப் பேராயரின்ர கை கட்டாயம் வேணுமோ எண்டு. வடக்கில, குளிர் நாடுகளில, எங்கட சபையும் அங்கத்தைய லுத்தரன் சபையளும் முதலே சேர்ந்திட்டினமாம். ஜெர்மன் ஆக்களோட இன்னும் முழுக்கச் சரிவரேல்லையாம். ஆனா மேசைக்கு இஞ்சால நிக்கிறவையை மறிக்கச் சொல்லி இப்ப ஒருத்தரும் சொல்லேல்லையாம்."

கெட்டித்தனமான பிள்ளை, ஒரு சொல் விடாமல் சொன்னாள். அப்போது குருவானவர் உங்கள் பெயரைச் சொன்னார். சிஞ்ஞோரா எஸ்தர் என்று. மெர்சியின் குரல் மாறிவிட்டது.

"பாட்டி ஏன் ஒருநாளும் வரேல்லை எண்டு கேக்கிறார். பாட்டி விருப்பமில்லாமல் இருந்தவ எண்டு நினைச்சவராம். கேட்டா மனம் நோகும் எண்டு கேக்காமல் விட்டவராம்."

பாருங்கள் சம்மந்தி. அவர் உங்கள் மனம் நோகும் என்று கேட்கவில்லை. நீங்கள் என் மரியாதை போகும் என்று சொல்லவில்லை. நடுவில் நான் பீடத்துத் துணியை மினுக்கிக்கொண்டிருந்தேன்.

"சொல்லு மெர்சி," என்றேன். "நான்தான் இருக்கச் சொன்னனான் எண்டு சொல்லு."

அவள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை உங்களுடையது. முதல் வியாழக்கிழமை நீங்கள் பார்த்த அதே பார்வை.

"இதை நான் சொல்லமாட்டன். நீங்களே சொல்லுங்கோ அப்பம்மா."

கோப்பை கையால் விழுந்து உடைந்தால் சிஞ்ஞோராவிடம் சொல்கிற வசனம் ஒன்றுதான் எனக்கு வந்தது. "கோல்பா மியா," என்றேன். என் பிழை. குருவானவர் என்ன பிழை என்று கேட்கவில்லை. விளங்கிவிட்டது போலிருந்தது. வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வியா மக்வேதா தெரு நீளம் மெர்சி எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள். கடைக் கண்ணாடிகளில் அவள் முகம் தெரிந்து தெரிந்து மறைந்தது. அவள் ஒருதரமும் திரும்பவில்லை.

அடுத்த வியாழக்கிழமை நற்கருணைக்கு எல்லோரும் எழும்பியபோது, மற்றப் பிள்ளைகளைப் போல ஆசீர்வாதம் வாங்க எங்களோடு வருகிற மெர்சி எழும்பவில்லை. உங்கள் இடத்தில் போய் இருந்தாள். பைகளை வாங்கி வார்களைக் கையில் கோத்துக்கொண்டாள். அடுத்த கிழமையும் அப்படித்தான். அதற்கடுத்த கிழமையும். வருகிற வசந்தத்தில் பேராயர் பலெர்மோவுக்கு வந்து பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் செய்ய இருக்கிறார். அந்தப் பட்டியலில் தன் பெயரைத் தானே வெட்டிவிட்டு வந்தாள்.

"பாட்டிக்கு வைக்காத கை எனக்கும் வேண்டாம்," என்றாள்.

அருள் ஏசிப் பார்த்தான். உங்கள் கிரேஸ் அவளை ஏசவில்லை, என்னையும் ஏசவில்லை. சோற்றை வடித்துக்கொண்டு திரும்பாமல் சொன்னாள்: "அம்மா எங்கிட்ட ஒருநாளும் சொல்லல மாமி. பை பாக்குறது புடிச்சிருக்குன்னுதான் சொன்னாங்க. எல்லார் பையும் ஒரே வாசனையா இருக்கும், வீட்டு வாசனைன்னு சொல்லுவாங்க."

நான் உங்களை ஒருதரம் இருத்தியது போதாதென்று, இப்போது நம் பேத்தியும் அந்த வாங்கில். பொலிதேயாமா வீட்டில் ஆவிக்குள் நீங்கள் வருவதும் நின்றுவிட்டது. அந்த இடத்தில் மெர்சி இருந்தாள், மடியில் பைகளோடு. அவள் தன் வாழ்நாள் முழுவதும் அந்த வாங்கிலேயே இருந்துவிடுவாளோ என்று பயந்தேன். இது வேறு பயம் சம்மந்தி. சாகிற பயம் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

சாமுவேலுக்கு எடுத்தேன். முதல்முறை தோற்றது இரண்டாம் முறை எப்படி வென்றது, அதை விளக்கமாக எழுது மகனே, மெர்சி வாசிக்கவேணும் என்றேன். மூன்று கிழமையில் கடிதம் வந்தது. எழுத்துப் பொடி எழுத்து, எனக்குக் கண் பிடிக்கவில்லை. மேசையில் வைத்தேன். மெர்சி பல் விளக்கிவிட்டு வந்து தானாகவே எடுத்து வாசித்தாள்.

முதல்முறை லுத்தரன் ஆட்களுக்கு ஒரு பயம் இருந்ததாம். பேராயர் வழி வந்த கை கட்டாயம் என்று ஒப்புக்கொண்டால், அந்தக் கை இல்லாமல் இவ்வளவு காலமும் ஞானஸ்நானம் கொடுத்த, அடக்கம் செய்த தங்கள் போதகர்கள் எல்லாம் அரைப் போதகர்களா என்று. பிறகு இரண்டு பகுதியும் மறுபடியும் இருந்து கதைத்து எழுதினார்களாம். எப்பிஸ்கோப்பல் சபை தன் பழைய சட்டத்தை ஒரு பக்கமாக வைக்கும். இப்போது இருக்கிற லுத்தரன் போதகர்களை இருக்கிறபடியே முழுப் போதகர்களாக ஏற்றுக்கொள்ளும். யார் தலையிலும் இரண்டாம்தரம் கை வைக்கமாட்டார்கள். இனி வருகிற லுத்தரன் பேராயர்களுக்கு மட்டும், அந்த வழி வந்த பேராயர்கள் மூன்று பேராவது சேர்ந்து கை வைப்பார்கள். குறை தீர்க்க அல்ல, சேர்ந்திருக்கிறோம் என்ற அடையாளத்துக்காக. ஒரு சபை மற்றதை விழுங்காது. இரண்டும் இரண்டாகவே இருக்கும், மேசையும் போதகர்களும் பொது.

"இருக்கிறபடியே," என்று மெர்சி திரும்ப வாசித்தாள். கடிதத்தை மடித்தாள்.

"அப்ப பாட்டியின்ர தலையில இருந்த கை போதும்."

"போதும் பிள்ளை. எப்பவும் போதும்தான்."

"எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? கோவில்ல சொல்லுங்கோ. எல்லாரும் இன்னும் பாட்டி பை பாத்தவ எண்டுதான் நினைக்கினம்."

ஒக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, மழை இருட்டிக்கொண்டு நின்ற பின்னேரம், அறிவித்தல்களுக்குப் பிறகு நான் எழும்பினேன். வாழ்க்கையில் நாலு பேருக்கு முன் நின்று கதைத்தவள் இல்லை. பிடித்துக்கொள்ள வாங்கின் முதுகு இருந்தது.

"எங்கட சம்மந்தி எஸ்தர் பை பாக்கேல்லை," என்றேன். "நான்தான் அவவை இருத்தினனான். அவவுக்கு எங்கட மேசையில இடம் இருந்தது. சட்டம் தெரியாமல் இருத்தினனான். தெரிஞ்சிருந்தாலும் இருத்தியிருப்பனோ எண்டு இப்ப பயமாக் கிடக்கு."

யாராவது திடுக்கிடுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் திடுக்கிடவில்லை. பிறகு வுச்சீரியாவில் பையைப் பறிகொடுத்தவள், வாங்கின் கோடியிலிருந்து மெல்லச் சொன்னாள்: "நானும் பையைக் குடுத்தனான்தானே அக்கா. ஏழு வருசமாக் குடுத்தனான். பையைத் தோளில கொழுவிக்கொண்டு போயிருக்கலாம்."

எல்லோருக்கும் தெரிந்திருந்தது சம்மந்தி. நாலைந்து கைப்பைகளுக்கு ஒரு மனுசி காவல் இருக்கத் தேவையில்லை என்று அத்தனை பேருக்கும் உள்ளுக்குள் தெரிந்திருந்தது.

அன்றைக்கு நற்கருணைக்குக் கூப்பிட்டபோது பெண்கள் பைகளைக் கொண்டுவந்து உங்கள் இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார்கள். காவலுக்கு யாரும் இருக்கவில்லை. மெர்சி எழும்பினாள். என் பக்கத்தில் வந்து நடந்தாள், ஆனால் முன்னால் போய் முழங்காலில் நின்றபோது எனக்கும் தனக்கும் நடுவில் ஒரு ஆள் இடம் விட்டாள். குருவானவர் அப்பம் கொடுத்துக்கொண்டு வந்தார். அந்த வெறும் இடத்தில் ஒரு மூச்சு நேரம் நின்றார். பிறகு எனக்குத் தந்தார். யன்னல் கண்ணாடியின் நீலம் அந்த இடத்து முழங்கால் மெத்தையில் விழுந்து கிடந்தது. மெத்தை கொஞ்சம் பள்ளமாக இருந்தது என்று நான் சொன்னால் அருள் சிரிக்கிறான். இருந்தது.

திரும்பி வந்து பார்த்தோம். பைகள் எல்லாம் வைத்தபடியே இருந்தன. என் குடையை மட்டும் காணவில்லை. யாரோ மழைக்கு ஒதுங்கினவன் கொண்டு போய்விட்டான்.

"பாட்டி இருந்திருந்தா போயிருக்காது," என்றாள் மெர்சி. முதலில் அவள்தான் சிரித்தாள். பிறகு வாங்கு முழுவதும் சிரித்தது. குருவானவருக்கு என்ன என்று விளங்காமல் அவரும் சிரித்தார். வீட்டுக்கு அவளுடைய குடைக்குள் போனேன். சின்னக் குடை. அவளுடைய ஒரு தோளும் என்னுடைய ஒரு தோளும் நனைந்தன.

இந்தக் கிழமை இறந்தவர்களின் நாள் வந்தது. ஊர் முழுவதும் கடற்கரைக் கல்லறைக்குப் பூவோடு போயிற்று, நாங்களும் வந்தோம். இங்கே பெட்டியைச் சுவர் அறைகளில் அடுக்கடுக்காகத்தான் வைக்கிறார்கள், மூன்றாம் வரிசையில் நீங்கள். சில்லு வைத்த ஏணியைத் தள்ளிக்கொண்டு வந்து மெர்சிதான் ஏறினாள். பெர்மெஸ்ஸோவுக்கு எடுத்த படத்தைத்தான் பீங்கானில் பதித்து ஒட்டியிருக்கிறோம், மன்னித்துக்கொள்ளுங்கள். கியூஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் வரிசையில் நிற்கிற முகம் அது. மெர்சி பூவை வைத்துவிட்டு ஏணியில் நின்றபடியே உங்களிடம் ஏதோ சொன்னாள். காற்றில் எனக்குக் கேட்கவில்லை. இறங்கி வந்து என்னிடம் சொன்னது இதுதான்: பட்டியலில் பெயரைத் திரும்ப எழுதிவிட்டாளாம். "குறைக்கு இல்லை அப்பம்மா. அடையாளத்துக்கு."

இன்றைக்கு மாதத்தின் முதல் ஞாயிறு. நீங்கள் ஏறுகிற பஸ்ஸில் ஏறினோம். அந்த வாடகை மண்டபத்தில் ஜெர்மன் போதகரிடம் மெர்சி உங்கள் பெயரைச் சொன்னாள். அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போய், யன்னலோரம் ஒரு கதிரையைக் காட்டினார். நான் அதில் இருந்தேன். ஒரு சொல் விளங்கவில்லை. யார் தலையில் யார் கை வைத்தது என்று நான் கேட்கவும் இல்லை. கூப்பிட்டபோது பையைத் தோளில் கொழுவிக்கொண்டு போனேன்.

இன்றைக்குச் சாப்பிட்டேன் சம்மந்தி.

ஒரு வாக்குத் தருகிறேன். கால் நடக்கும்வரை ஒவ்வொரு முதல் ஞாயிறும் அந்தக் கதிரை வெறுமையாக இராது. அமெரிக்காவில் அடுத்த வருடம் எங்கள் ஆட்களும் சம்மதித்த செய்தி வந்த அன்றே, பூ வாங்காமல்கூட ஓடிவந்து, நானே அந்த ஏணியில் ஏறி உங்களுக்குச் சொல்வேன். மெர்சி ஏணியைப் பிடிப்பாள்.

மகனே சாமுவேல், நத்தார் மலர் உன் கைக்கு வந்தால் இதையும் வாசி. உன் சபையில் அந்த நாள் வரும்போது, இரண்டு சபைக் குருமாரும் ஒரே மேசையில் நிற்கையில், உன் சின்ன எஸ்தரை அந்த மேசைக்கு முன்னால் நிறுத்தி ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. அம்மாவின் கல்லறையில் ஒட்டவேணும். படம் எடுக்கிறபோது பிள்ளையின் கையில் ஒரு பையும் கொடுக்காதே.

உங்கள் சம்மந்தி,
மெர்சிக்கும் யோசுவாவுக்கும் அப்பம்மா,
ஞானம்மா
பலெர்மோ, நவம்பர் 1999